எரிந்த நோட்டும் எழுந்த எழுத்தும்: புச்சி எமெச்செட்டா

நைஜீரிய எழுத்தாளர்கள் என்று பேச்சு வந்தால் நம்மவர்கள் முதலில் சொல்வது சினுவா அச்செபெ, அடுத்து நோபல் பரிசு பெற்ற வோலே சோயிங்கா. அச்செபெ பிறந்த அதே இக்போ இனத்தில் பிறந்து, ஐந்து குழந்தைகளைத் தனியாளாக வளர்த்துக்கொண்டே இருபதுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதிய ஒரு பெண்மணியின் பெயர் நம் வீடுகளில் அவ்வளவாகக் கேட்பதில்லை. அவர்தான் புச்சி எமெச்செட்டா. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து, வேறு மொழிக்காரர்கள் நடுவில் குடித்தனம் நடத்தும் நமக்கு அவர் கதை சட்டென்று புரியும் என்பதால், இம்மலருக்கு அவரைப் பற்றி எழுதுகிறேன்.

படிப்புக்காக வாங்கிய பிரம்படி

புச்சி 1944-ஆம் ஆண்டு ஜூலை 21 அன்று லாகோஸ் நகரில் பிறந்தார். பெற்றோரின் பூர்விகம் இபூசா என்னும் ஊர். தந்தை ரயில்வே தொழிலாளி. அதாவது இதுவும் பிழைப்புக்காக நகரத்துக்கு வந்த குடும்பம்தான். விடுமுறைக்கு இபூசா போகும்போது அங்கே வயது முதிர்ந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர் நிலா வெளிச்சத்தில் கதை சொல்வாராம். கதை சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று தனக்குப் புரிந்தது அங்கேதான் என்று புச்சி பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனது தம்பி. "பொட்டப்புள்ளைக்கு எதுக்குப் படிப்பு?" என்ற கேள்வி நம் ஊருக்கு மட்டும் சொந்தமானதல்ல. அடம்பிடித்து, கெஞ்சித்தான் புச்சி பள்ளிக்குப் போனார். சிறுமியாக இருந்தபோதே தந்தை இறந்துவிட, படிப்பு மறுபடி ஆட்டம் கண்டது. அவருடைய சொந்த வாழ்க்கையை ஒட்டிய 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்' நாவலில் ஓர் இடம் வரும். உறவினர் வீட்டில் எடுபிடியாக வளரும் சிறுமி ஆடா, கறி வாங்கக் கொடுத்த இரண்டு ஷில்லிங்கை ஒளித்துவைத்து, காசு தொலைந்துபோயிற்று என்று பொய் சொல்லி, உதவித்தொகைத் தேர்வுக்குக் கட்டணம் கட்டுகிறாள். அதற்காகப் பிரம்படி வாங்குகிறாள். ஆனால் தேர்வில் ஜெயிக்கிறாள். புச்சியும் அப்படி உதவித்தொகை பெற்றுத்தான் லாகோஸ் மெதடிஸ்ட் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்தார்.

லண்டன் குடித்தனம்

1960-இல், பதினாறு வயதில் திருமணம். கணவர் மேல்படிப்புக்கு லண்டன் போனார். 1962-இல் கைக்குழந்தைகளோடு புச்சியும் போய்ச் சேர்ந்தார். லண்டன் என்றால் தங்கத் தெரு என்று நினைத்துப் போனவருக்குக் கிடைத்தது குளிர் பிடித்த ஓர் அறை. 'கறுப்பர்களுக்கு வாடகைக்கு இல்லை' என்று வெளிப்படையாகவே அறிவிப்பு வைத்த காலம் அது. வீடு தேடும்போது "நீங்க எந்த ஊர், என்ன சாப்பிடுவீங்க?" என்று விசாரிக்கப்பட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அதைப் பத்து மடங்கு பெருக்கிப் பார்த்தால் அவர் நிலைமை புரியும்.

கணவர் படித்துக்கொண்டே இருந்தார்; சம்பாதித்தது மனைவி. நூலகத்தில் வேலை, வீட்டில் சமையல், அடுத்தடுத்துப் பிரசவம். நாவலில் வரும் ஆடா கருத்தடைச் சாதனம் வாங்க வேண்டுமானால் படிவத்தில் கணவன் கையெழுத்து வேண்டும். அவள் தானே கையெழுத்தைப் போட்டுவிடுகிறாள்; விஷயம் தெரிந்ததும் அடி விழுகிறது. வெளியே நிறவெறி, உள்ளே ஆண் அதிகாரம், இரண்டுக்கும் கீழே வறுமை. மூன்றையும் ஒரே அறைக்குள் வைத்துக் காட்டியதுதான் புச்சியின் தனித்தன்மை என்பேன்.

நெருப்பில் போன முதல் நாவல்

இந்த நெருக்கடியில்தான் அவர் ஒரு நாவலை எழுதி முடித்தார். நூலகத்தில் உடன் வேலை பார்த்த நண்பர்கள் படித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று உற்சாகப்படுத்தினார்கள். வீட்டில் கணவரிடம் காட்டினார். அவர் அதைப் படித்துப் பாராட்டவில்லை, எரித்துவிட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலம், வேறு நகல் கிடையாது.

1966-இல், இருபத்திரண்டாவது வயதில், புச்சி அந்த வீட்டை விட்டு வெளியேறினார். கையில் நான்கு குழந்தைகள், வயிற்றில் ஐந்தாவது. நோட்டு எரிந்ததைத்தான் திருமண வாழ்வின் முடிவாக எல்லோரும் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் நாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது.

விடியற்காலையில் குழந்தைகள் விழிப்பதற்கு முன் எழுந்து எழுதினார். வட லண்டனில் ஏழைகளுக்கான நகராட்சிக் குடியிருப்பில் அரசு உதவித்தொகையில் காலம் தள்ளிய நாட்களையே எழுதினார். ஈரம் கசியும் சுவர், குப்பை நாற்றம், படிக்கட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் வெள்ளைக்கார ஏழைப் பெண்கள் என்று எல்லாம் அதில் உண்டு. 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழில் அவை தொடராக வந்து, 1972-இல் 'இன் தி டிட்ச்' என்ற நூலாயிற்று. 'பள்ளத்துக்குள்ளே' என்று அதைத் தமிழில் சொல்லலாம். 1974-இல் 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்' வந்தது. இதற்கு நடுவிலேயே லண்டன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துப் பட்டமும் வாங்கினார்.

எரிந்துபோன நாவல் என்ன ஆயிற்று? அதை மறுபடி முதலிலிருந்து எழுதினார். 1976-இல் 'தி பிரைட் பிரைஸ்' என்று வெளிவந்தது. 'பரிசப் பணம்' என்று பொருள். முதல் பிரதியில் குடும்பத்தை மீறி மணந்துகொண்ட காதலர்கள் சந்தோஷமாக வாழ்ந்தார்களாம். மறுபடி எழுதியபோது கதாநாயகி பிரசவத்தில் இறந்துபோகிறாள். பரிசப் பணம் கொடுபடாத பெண் பிரசவத்தில் பிழைக்கமாட்டாள் என்ற ஊர் நம்பிக்கை அவளை அழுத்திக் கொல்கிறது. இடையில் வாழ்க்கை கற்றுக்கொடுத்த பாடம் முடிவையே மாற்றிவிட்டது.

தாய்மையின் மறுபக்கம்

அடுத்து வந்த 'தி ஸ்லேவ் கேர்ள்' (1977), அண்ணனாலேயே அடிமையாக விற்கப்பட்ட ஒரு சிறுமியின் கதை. இதற்கு மூலம் புச்சியின் சொந்தத் தாயாரின் வாழ்க்கை. 1979-இல் வந்த 'தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்' அவருடைய மிகச் சிறந்த நாவலாகப் பலராலும் கருதப்படுகிறது. தாய்மையின் இன்பங்கள் என்பது தலைப்பு. அவருக்கு முன்னோடியான ஃபுளோரா நுவாபாவின் 'எஃபுரு' நாவலின் முடிவுப் பகுதியிலிருந்து எடுத்தது அது.

கதாநாயகி நூ ஈகோ, லாகோஸில் வெள்ளைக்காரர் வீட்டில் துணி துவைப்பவனின் மனைவி. சிகரெட், தீப்பெட்டி, விறகு விற்றுப் பிள்ளைகளை வளர்க்கிறாள். மகன்கள் படித்து மேலே வந்தால் போதும் என்று தன் வாயைக் கட்டுகிறாள். மூத்தவன் அமெரிக்கா போகிறான், இன்னொருவன் கனடா. அவளோ ஊருக்குத் திரும்பி, ஒருநாள் சாலையோரத்தில் யாருமில்லாமல் இறந்துகிடக்கிறாள். பிறகு பிள்ளைகள் கூடி வந்து ஊரே மெச்சும்படி ஈமச்சடங்கு செய்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நாமெல்லாம் ஊரில் அம்மா அப்பாவை விட்டுவிட்டு வந்தவர்கள். நம் பிள்ளைகளோ இன்னும் தூரம் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அதே நாவலில் அடாக்கு என்றொரு பெண் வருகிறாள். ஆண் குழந்தை இல்லை என்று இளக்காரமாகப் பேசப்படுகிறவள் அவள். அந்த வீட்டை விட்டு வெளியேறி, சொந்தக் காலில் நின்று மகள்களைப் படிக்க வைக்கிறாள். நூ ஈகோவின் கண்ணீருக்குப் பக்கத்திலேயே ஆசிரியை வைத்த பதில் அது.

புகழ் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. 1983-இல் 'கிரான்டா' இதழ் தேர்ந்தெடுத்த சிறந்த இளம் பிரிட்டிஷ் நாவலாசிரியர்கள் இருபது பேரில் அவரும் ஒருவர். 2005-இல் பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. விருது கிடைத்தது. 2017 ஜனவரி 25 அன்று, 72-ஆவது வயதில் லண்டனில் காலமானார்.

நமக்கு இதில் என்ன?

திறமை இருந்தால் எப்படியும் முன்னுக்கு வந்துவிடலாம் என்று சொல்லி இக்கட்டுரையை முடித்தால் அது பாதி உண்மை. புச்சிக்குத் திறமை இருந்தது, வைராக்கியமும் இருந்தது. கூடவே வேறு சில சின்ன விஷயங்களும் கிடைத்தன. புத்தகங்களுக்கு நடுவே ஒரு வேலை. "நல்லா இருக்கு, விடாம எழுது" என்று சொன்ன நான்கு நண்பர்கள். மோசமானதானாலும் யாரும் விரட்டமுடியாத ஒரு வீடு. எழுதியதை வெளியிட ஓர் இதழ். இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாமல் போயிருந்தால் எரிந்த நோட்டோடு அவர் கதையும் முடிந்திருக்கக் கூடும்.

"ஊர்ல இருந்தப்போ கதை எழுதுவேன், கல்யாணமாகி இங்க வந்தப்புறம் எங்க நேரம்?" என்று நம் சங்கத்துப் பெண்கள் சொல்லி நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். யாரும் அவர்கள் நோட்டை எரிக்கவில்லை. ஆனால் யாரும் அதைக் கேட்டு வாங்கிப் படிக்கவும் இல்லை. இரண்டுக்கும் விளைவு ஏறக்குறைய ஒன்றுதான். பரணிலோ பெட்டிக்குள்ளோ கிடக்கும் அந்த நோட்டை இந்த வாரமே எடுத்துத் தரச் சொல்லுங்கள். படித்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று அவர்களிடம் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அதற்குப் பக்கம் ஒதுக்க வேண்டியது நம் சங்கத்தின் பொறுப்பு.