செவ்வழுகல்

‘ஆலை’ என்னும் சொல் முன்னாளில் கரும்பு பிழியும் எந்திரத்தையும் அஃது இருந்த இடத்தையும் குறித்தது. இன்று மண்ணூரில் நின்று அச்சொல்லைச் சொன்னால் திருப்பெரும்புதூர் – ஒரகடம் சாலையோரத்துத் தொழிற்சாலைகளே நினைவுக்கு வரும். கரும்பு என்பது அவற்றின் வாயிலருகே நிற்கும் சாற்று வண்டியளவில் சுருங்கிவிட்டது. அத்தகைய வண்டி ஒன்றில், பிளந்த கரும்பு ஒன்றைக் கடைக்காரர் பிழியாது எறியக் கண்டோம். உள்ளே சிவந்திருந்தது. காரணம் வினவியபோது, “உள்ள புளிச்சுப் போயிருக்கும் சார்” என்றார். நூலோர் பல பக்கங்களில் விளக்குவதை அவர் ஒரு தொடரில் முடித்துவிட்டார்.

இந்நோய்க்குச் செவ்வழுகல் என்று பெயர். கொலிட்டோடிரைக்கம் ஃபால்கேட்டம் என்னும் பூஞ்சாணத்தால் விளைவது. முதலில் நுனிக்குருத்திற்குக் கீழுள்ள மூன்றாவது, நான்காவது இலைகள் மஞ்சளித்து ஓரங்களிலிருந்து காயும். அதற்குள் தண்டின் உட்பகுதி சிவந்திருக்கும். சிவப்பெல்லாம் செவ்வழுகல் அன்று. துளைப்பான் புழு குடைந்த இடமும் சிவக்கும். செம்மையின் ஊடே குறுக்காக வெண்திட்டுகள் தோன்றுவதும், கள்ளைப் போன்ற புளித்த வாடை வீசுவதுமே இந்நோயின் தனி அடையாளங்கள். கரும்பிலுள்ள சர்க்கரையைப் பூஞ்சாணம் சிதைத்துவிடுவதால், எடையோடு இனிப்பும் போகின்றது; வெல்லமும் திரளாது.

அதியமானின் முன்னோர் கரும்பை இவ்வுலகிற்குக் கொணர்ந்ததாகப் புறநானூற்றின் 99ஆம் பாடல் கூறுகின்றது. அத்துணைத் தொன்மையான பயிரின் இந்நோய் 1893இல்தான் சாவகத் தீவில் அறிவியல் முறையில் விவரிக்கப்பட்டது. 1901இல் பார்பர் என்பவர், அன்றைய சென்னை மாகாணத்துக் கோதாவரிக் கழிமுகத்தில் கரும்பு அழிவதற்கு இதுவே காரணம் என எடுத்துரைத்தார். 1912இல் தோன்றிய கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் முதல் தலைவரும் அவரே. அவரும் டி. எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்னும் பருத்த கரும்பைக் காட்டு நாணலோடு கலந்தனர். அதன் பயனாக 1918இல் கோ 205 வெளிவந்தது. இனிமையற்ற நாணலிடமிருந்தே நம் கரும்பு வன்மையைக் கடன் பெற்றது எனலாம்.

மருந்து தெளித்தால் ஆகாதோ என்று மாணாக்கர் வினவுவர். கரும்பின் தோல் கடினமானது. தெளித்த மருந்து உள்ளே சென்று பூஞ்சாணத்தைத் தொடுவது அரிது. நட்ட பின்னர் செய்யத்தக்கது சிறிதே. நோயுற்ற தூரைப் பெயர்த்து எரிக்கலாம். அவ்வயலின் நீர் அடுத்த வயலுக்குப் பாயாமல் தடுக்கலாம். மறுதாம்பு விடாது நெல் பயிரிடலாம். நோய் பெரும்பாலும் வருவது விதைக்கரணையின் வழியே. உழவர் அறியாது தம் கையாலேயே பகையை நடுகின்றனர்! அண்டை வயலில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கும் கரணையே பலரைக் கெடுத்திருக்கின்றது.

மற்றொரு கேடு, ஒரே வகையை எங்கும் நடுவது. கடலூர் ஆராய்ச்சி நிலையம் தந்த கோசி 671 இனிப்பு மிகுந்தது; அதுவே 1980களில் தமிழகத்தில் செவ்வழுகலுக்கு இரையாயிற்று. 2009இல் வெளியான கோ 0238 உத்தரப் பிரதேசத்துக் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் பரவியது. பூஞ்சாணமும் சும்மா இருக்கவில்லை. அவ்வகையை வெல்லும் புதிய திரிபு தோன்றி, சில ஆண்டுகளில் வயல் வயலாகக் காயச் செய்தது. தமிழகத்திலும் கோ 86032 என்னும் ஒரே வகை நெடுங்காலம் பெரும்பரப்பை ஆண்டுவந்துள்ளது என்பதை இங்கு மறத்தலாகாது.

திருவாலங்காடு, படாளம் ஆலைகளுக்குக் கரும்பு வெட்டும் குடும்பங்களிலிருந்து வரும் மாணாக்கர் நம்மிடையே இருக்கக்கூடும். அவர்கள் வீட்டில் சொல்லத்தக்கது இது: கரணை நறுக்கும்போது ஒவ்வொன்றின் வெட்டுமுனையையும் பாருங்கள். சிவந்திருந்தால் அக்கரணையை மட்டுமன்று, அது வந்த கட்டு முழுவதையும் ஒதுக்குங்கள். நறுக்கிய கத்தியைத் தீயில் காட்டிய பின்னரே அடுத்த கட்டைத் தொடுங்கள்.