பாட்டும் படமும் ஒட்டுவது எப்படி?

தூரத்தில் ஒருவர் மரம் வெட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கோடரி மரத்தில் விழுவது முதலில் தெரிகிறது. ‘டக்’ என்ற ஓசை சற்றுப் பின்னால் வருகிறது. காரணம் நீங்கள் அறிந்ததுதான். ஒளி விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் பாய்கிறது. ஒலியோ 20 டிகிரி வெப்பமுள்ள காற்றில் விநாடிக்கு 343 மீட்டர்தான் செல்கிறது.

பாடப் புத்தகத்தில் படித்து, தேர்வு எழுதியபின் நாம் மறந்துவிடும் இந்தச் செய்தி, மாணவர்கள் எடுக்கும் பாட்டுப் படத்தை ஆக்கவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். எப்படி என்று பார்ப்போமா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறினால் வெள்ளிமலை வரும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி இது. மேகம் அருவியும் பெரியார் அருவியும் இங்கே இருக்கின்றன. இந்த மலைப் பள்ளி ஒன்றின் மாணவர்கள், தாங்களே இயற்றிய மழைப் பாட்டை அருவிக்கரையில் படமாக்க விரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பவை இரண்டு செல்போன்களும் பள்ளிக் கணினியும். இவை போதுமா? போதும். ஆனால் அருவிக்கரையில் பாடிப் பதிவு செய்தால் அருவியின் இரைச்சல்தான் கேட்கும், பாட்டு கேட்காது.

என்ன செய்யலாம்? தமிழ் சினிமா இந்தக் கேள்விக்கு முன்பே விடை கண்டுவிட்டது.

பேசும் படம் வந்த புதிதில் நடிகர்கள் கேமராவின் முன் நடித்துக்கொண்டே பாட வேண்டியிருந்தது. பக்கவாத்தியக்காரர்கள் படத்தில் விழாமல் மறைந்து உட்கார்ந்து வாசிப்பார்கள். 1938இல் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் தயாரித்த ‘நந்தகுமார்’ படத்தில் லலிதா வெங்கட்ராமன் பாட, அக்குரலுக்கு வேறொருவர் வாயசைத்தார். தமிழில் பின்னணிப் பாட்டு இப்படித்தான் தொடங்கியது. 1945இல் அவரே எடுத்த ‘ஸ்ரீவள்ளி’யில் இன்னும் கடினமான வேலை நடந்தது. கதாநாயகி குமாரி ருக்மணி படப்பிடிப்பில் தம் குரலிலேயே பாடியிருந்தார். அந்தக் குரல் செட்டியாருக்கு நிறைவு தரவில்லை. ஏற்கெனவே படத்தில் பதிந்துவிட்ட வாயசைவுக்குப் பொருந்துமாறு பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, பழைய குரலை எடுத்துவிட்டுப் புதிய குரலைச் சேர்த்தார்கள். கணினி இல்லாத காலம் அது!

நம் மாணவர்கள் எளிய வழியிலேயே போகலாம். முதலில் பாட்டு, பிறகு படம்.

பாட்டுப் பதிவு

சன்னல்களை மூடிய வகுப்பறை போதும். வெறுஞ்சுவர் ஒலியைத் திருப்பி அனுப்பும். போர்வையும் சமுக்காளமும் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே பாடுபவரைச் சுற்றிப் போர்வைகளைத் தொங்கவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். செல்போனை வாய்க்கு நேரே பிடிக்காமல் சற்றுப் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி வைத்தால், ‘ப’ என்ற எழுத்தில் வரும் மூச்சுக்காற்று மைக்கில் மோதாது.

பதிவு என்பது உண்மையில் அளத்தல்தான். குறுந்தகட்டு முறையில், காற்றின் அழுத்தம் விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாக எழுதப்படுகிறது. இந்த எண்களை வெட்டவும் ஒட்டவும் இரைச்சலைக் குறைக்கவும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் உதவும். காட்சிகளைத் தொகுக்க ஓப்பன்ஷாட், கேடென்லைவ் போன்றவை உண்டு. ஒருமுறை கணினியில் ஏற்றிவிட்டால் இவற்றுக்கு இணையத் தொடர்பு தேவையில்லை.

ஒலிபெருக்கியை எங்கே வைப்பது?

இப்போது அருவிக்கரைக்கு வருவோம். பதிவுசெய்த பாட்டை ஒலிபெருக்கியில் போடுகிறோம். அதைக் கேட்டுக்கொண்டே பாடகி வாயசைக்கிறாள். கேமரா 30 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஒலிபெருக்கியைக் கேமராவின் பக்கத்திலேயே வைத்துவிட்டால் என்ன ஆகும்?

30ஐ 343ஆல் வகுத்துப் பாருங்கள். பாட்டு அவள் காதுக்குப் போய்ச்சேர 0.087 விநாடி ஆகிறது. அவள் வாயசைப்பதும் அவ்வளவு தாமதமாகும். கேமராவின் மைக்கோ பாட்டை உடனே கேட்டுவிடுகிறது. முடிந்த படத்தில் குரல் முந்தும், உதடு பிந்தும்.

பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விநாடிதானே என்று விட்டுவிட முடியாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தொலைக்காட்சிக்காக 1998இல் வெளியிட்ட பரிந்துரையில் இதற்கு அளவு உண்டு. ஒலி 0.045 விநாடி முந்தினாலே பார்ப்பவர்கள் கண்டுகொள்கிறார்கள். பிந்தினாலோ 0.125 விநாடி வரை தெரிவதில்லை. ஏன் இந்த வேறுபாடு? இயற்கையில் ஒலி எப்போதும் காட்சிக்குப் பின்னால்தான் வருகிறது. முந்தி வருவதே இல்லை. பிந்துவதை நம் மூளை பொறுத்துக்கொள்வதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஆகவே ஒலிபெருக்கியைப் பாடகியின் காலடியில், படத்தில் விழாதவாறு வையுங்கள்.

ஒரு கைதட்டல்

இன்னொரு வேலையும் உண்டு. அருவிக்கரையில் எடுத்த காட்சியை வகுப்பறையில் பதிந்த பாட்டோடு சரியான இடத்தில் பொருத்த வேண்டும். சினிமாக்காரர்கள் இதற்குத்தான் கிளாப் பலகை அடிக்கிறார்கள். பலகை மூடுவது கண்ணுக்குத் தெரியும். அதன் ஓசை காதுக்குக் கேட்கும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் முடிந்தது.

நம்மிடம் பலகை வேண்டாம், கை போதும். பாட்டின் தொடக்கத்தில் சீரான இடைவெளியில் நான்கு ‘டக்’ ஓசைகளைச் சேர்த்துவிடுங்கள். நான்காவது ஓசையோடு சேர்ந்து, பாடகியின் அருகில் நின்று ஒருவர் கேமராவைப் பார்த்துக் கைதட்டட்டும். தொகுக்கும்போது, இரு கைகளும் சேரும் படத்தை நான்காவது ‘டக்’கின் மேல் வையுங்கள். கைகள் சேருவதைக் கேமராவுக்குக் காட்டுவது ஒளி. எனவே கேமரா எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் கவலையில்லை.

பாட்டின் முடிவையும் சரிபார்க்க மறவாதீர்கள். செல்போன் பெரும்பாலும் விநாடிக்கு 30 படங்கள் எடுக்கும். மென்பொருளில் 29.97 என்று இருந்து, அதே படங்கள் அந்த வேகத்தில் ஓடினால், தொடக்கத்தில் தவறு தெரியாது. 4 நிமிடப் பாட்டின் முடிவிலோ காட்சி 0.24 விநாடி, அதாவது 7 படங்கள் பின்தங்கிவிடும். வேலையைத் தொடங்கும் முன்பே இரண்டு எண்களும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள்.

அருவி ஏன் கலங்குகிறது?

அருவிக் காட்சி சில சமயம் கட்டம் கட்டமாகக் கலங்கித் தெரிவதைக் கவனித்திருக்கலாம். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1920 × 1080 அளவுள்ள ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 3 பைட். விநாடிக்கு 30 படங்கள். 4 நிமிடத்துக்குச் சுமார் 45 ஜி.பி. ஆகிறது! செல்போன் இதை அப்படியே எழுதிவைப்பதில்லை. முந்தைய படத்திலிருந்து எது மாறியதோ, பெரும்பாலும் அதை மட்டுமே எழுதுகிறது. அசையாத பாறைக்கு இது வசதி. அருவியிலோ எல்லாத் துளிகளும் எப்போதும் மாறுகின்றன. எழுத வேண்டியது மிகுந்துபோய், இடம் போதாமல், படம் கலங்குகிறது. பாடகியின் பின்னால் பாறையை நிறைய வைத்து, அருவியை ஓரத்தில் காட்டுங்கள். செல்போனைக் கையில் பிடிக்காமல் கல்லின்மேல் நிறுத்துங்கள். செல்போன் ஆடினால் பாறையும் சேர்ந்து ஆடுவதாகத்தான் பதிவாகும்.

மலைவாழ் பெரியவர்களின் பழைய பாட்டைப் படமாக்க விரும்பினால், முதலில் அவர்களிடம் கேட்டு இசைவு பெறுங்கள். படத்தை ஊருக்கு வெளியே காட்டலாமா என்பதையும் கேளுங்கள். பாட்டு யாரிடம் கற்றது என்பதைப் படத்தில் சொல்லுங்கள். படத்தில் வரும் ஒவ்வொரு மாணவரின் பெற்றோரிடமும் இசைவு வேண்டும்.

செய்து பாருங்கள்

கருவி கையில் இருக்கும்போதே ஒலியின் வேகத்தையும் அளந்துவிடலாம். நண்பர் ஒருவர் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடிக்கட்டும். முதலில் 1 மீட்டர் தூரத்திலிருந்து படம் எடுங்கள். தொகுப்பு மென்பொருளில் ஒவ்வொரு படமாக நகர்த்தி, கரண்டி தட்டில் படும் படத்துக்கும் ஒலிக்கோடு துள்ளும் படத்துக்கும் இடையே வேறுபாடு உண்டா என்று பாருங்கள். இருந்தால் அது உங்கள் செல்போனின் பிழை. பிறகு விளையாட்டுத் திடலில் 70 மீட்டர் அளந்து, அங்கிருந்து எடுங்கள். வரும் எண்ணிக்கையிலிருந்து முதல் வேறுபாட்டைக் கழியுங்கள்.

6 படங்கள் வந்தால் நேரம் 30இல் 6, அதாவது 0.2 விநாடி. 70ஐ 0.2ஆல் வகுத்தால் விநாடிக்கு 350 மீட்டர். ஒரே ஒரு படம் கூடினாலும் விடை 300 ஆகிவிடும், குறைந்தால் 420. அதனால் பத்து முறை எடுத்துச் சராசரி காணுங்கள். மலையின் குளிர்ந்த காலையில் ஒலி சற்று மெதுவாகவும், கள்ளக்குறிச்சியின் நண்பகல் வெயிலில் சற்று வேகமாகவும் செல்லும். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேறுபாடு. இந்தச் சிறிய வேறுபாட்டை உங்கள் செல்போனால் காட்ட முடியுமா? முடியாதென்றால், தூரத்தை எவ்வளவு கூட்ட வேண்டும்? கணக்கிட்டுப் பாருங்கள்.