திருமுறைச் சொற்றேடலும் கணிப்பொறியும்

சைவநூலாராய்ச்சியிற் புகுவார் சிலர், யாதானும் ஒரு சொல் திருமுறைகளுட் காணப்படவில்லையெனக் கொண்டு, அச்சொல்லாற் குறிக்கப்படும் கொள்கையும் பிற்காலத்ததென முடிபு கூறுவர். முன்னாளில் இங்ஙனம் கூறப்புகுந்தார் நூன்முழுதும் ஓதியே கூறினர். இக்காலத்திலோ, 1998-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம் முதலியவற்றால் அந்நூல்கள் கணிப்பொறிக் கோப்புக்களாய்க் கிடைத்தலின், கோப்புப் பலவற்றையும் ஒருங்கே துருவும் நிரலை ஏவி, அது தரும் விடையையே சான்றாகக் காட்டுகின்றனர். அவ்விடை எத்துணை வலியுடைத்தென்பது ஆராயற்பாலது.

அருள் என்னும் சொல்லை எடுத்துக்கொள்க. 1973-இல் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்திற் கென் தாம்சன் இயற்றிய கிரெப் என்னும் தேடுகருவியினிடம் இச்சொல்லைக் கொடுப்பின், அகரம் தனித்து நின்ற இடங்களை மாத்திரமே அது காட்டும். சித்தாந்தத்திற்கு உயிர்நிலையாய திருவருள் வாராது. பேரருள், இன்னருள் என்பனவும் வாரா. என்னை? ஆண்டெல்லாம் அகரம் முன்னின்ற மெய்யோடு கூடி உயிர்மெய்யாயிற்று. யூனிகோடு குறியீட்டிலும் வகர உயிர்மெய் ஒரே குறியாதலின், அதனுள் அகரம் உண்டென்பதைப் பொறி அறியாது. திருவருட்பயன் என்னும் நூற்பெயர்தானும் அதற்கு அகப்படாது. அங்கே முதலும் திரிந்தது, ஈறும் திரிந்தது.

இக்குறை பைதான் முதலிய நிரன்மொழிகளாற் பெரும்பாலும் நீங்கும். கோப்புறையிலுள்ள கோப்புக்களை நிரல் ஒவ்வொன்றாய்த் திறந்து, முதற்கண் குறியீடுகளை ஒருமைப்படுத்தல் வேண்டும்; கொகரத்தின் கொம்பும் காலும் ஒரு கோப்பில் ஒரே குறியாகவும் மற்றொன்றில் இரண்டாகவும் இருத்தல் கூடும், கண்ணுக்கு வேற்றுமை தோன்றாது. பின்னர் உயிர்மெய்யனைத்தையும் மெய்யும் உயிருமாகப் பிரித்து வைக்க. இஃது இலக்கணம் பயிலும் சிறாரும் அறிந்ததே. பொறிக்கும் அதனையே கற்பிக்கின்றோம். வகையுளியாற் சீர்தோறும் சொற்கள் பிளவுண்டு கிடத்தலின், செய்யுளெண்ணைக் குறித்துக்கொண்டு இடைவெளிகளையும் நீக்குக. இறுதியாக, ஈற்று ளகரத்திற்குப் பதிலாக டகரமோ ணகரமோ வரினும் கொள்க என விதித்தால், அருட்சத்தியும் அருணெறியும் வந்துசேரும்.

அவற்றோடு மருளும் வரும், அருணையும் வரும். அருளைத் தேடினார்க்கு மருளும் உடன்வருதல் நகைவிளைப்பினும், அதற்கு அஞ்சி விதியைக் குறுக்குதல் தகாது. மிகையாய் வந்ததைக் கற்றார் கண்டு களைவர். வாராதொழிந்ததை யாவர் காண்பார்? ஆதலின் நிரலானது கோப்பின் பெயர், செய்யுளெண், முன்பின் அடிகள் ஆகியவற்றை உடன் எழுதித் தருமாறு அமைத்தல் இன்றியமையாதது.

அற்றேல், இங்ஙனம் திருத்திய நிரலும் காட்டாதது இல்லையென்றே துணியலாமெனின், அதுவும் அற்றன்று. காணத்தக்கது காணப்படாதவழியே இன்மை துணியப்படும். கோப்பு ஒரு பதிப்பைப் பார்த்து எழுதப்பட்டது. பாடபேதங்கள் அதன்கண் இல்லாமற் போகலாம், எழுத்துப்பிழையும் நேர்ந்திருக்கலாம். அன்றியும் தயை என வேறு சொல்லால் அப்பொருள் கூறப்பட்டவிடத்து, அருளென்னும் சொல்லைத் தேடும் நிரல் என்செய்யும்? சொல்லின்மை வேறு, பொருளின்மை வேறு.

புதிதாய் நிரலமைப்பார், ஓதுவாரொருவர் மனப்பாடமாக ஓதும் பதிகமொன்றை அதற்கு முதலிற் கொடுத்து, அவர் எண்ணிய தொகையும் அது காட்டிய தொகையும் ஒத்தனவா எனப் பார்த்த பின்னரே பன்னிரு திருமுறைக்கும் அதனைச் செலுத்துக.