ரிங்குக்குக் கீழே நிற்கிற நெட்டைத் தம்பிக்கு... எந்த ஷாட் லாபம்?

குரூப் போட்டோன்னா கடைசி வரிசை. டவுன் பஸ்ல ஏறினா தலையைக் குனிஞ்சுதான் நிற்கணும். பி.இ.டி சார் கண்ணுல பட்டா, "டேய் நெட்டை, நாளையிலேர்ந்து பேஸ்கட்பாலுக்கு வந்துடு!" பெரம்பலூரோ அரியலூரோ, ஆறடியைத் தாண்டின பையன் ஸ்கூல் டீமுக்குள்ள வர்ற கதை பெரும்பாலும் இதுதான்.

வந்ததும் ரிங்குக்குக் கீழே நிறுத்திடுவாங்க. ஆனா, அவன் மொபைல்ல பார்க்கிறது ஸ்டீபன் கரி ரீல்ஸ். மனசு முழுக்க த்ரீ பாயின்ட்டர். சாருக்கும் அவனுக்கும் சண்டை ஆரம்பிக்கிறது இங்கேதான். யார் சொல்றது சரி? கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்.

பத்து ஷாட் கணக்கு

ஓர் உதாரணம். ரிங்குக்குப் பக்கத்துல 10 ஷாட் அடிச்சு 6 போனா, 12 பாயின்ட். ஃப்ரீ த்ரோ லைன் பக்கத்துலேர்ந்து 10-க்கு 3 போனா, 6 பாயின்ட். 6.75 மீட்டர் த்ரீ பாயின்ட் லைனுக்கு வெளியேயிருந்து அதே 3 போனா, 9 பாயின்ட்.

ஆக, இருக்கிறதுலயே நஷ்டமான ஷாட், லைனுக்கு ஓரடி உள்ளே காலை வெச்சு அடிக்கிறது. தூரம் த்ரீ பாயின்ட் தூரம். கிடைக்கிறது ரெண்டே பாயின்ட். 20 பாயின்ட் எடுத்தது பெரிசில்ல, அதுக்கு எத்தனை ஷாட் செலவாச்சுங்கிறதுதான் எஃபிஷியன்சி.

இன்னொரு மறைமுக நஷ்டமும் உண்டு. டீம்லயே உயரமானவன் வெளியே போய் ஷாட் அடிச்சா, அது மிஸ் ஆனா ரீபவுண்ட் எடுக்க ரிங் பக்கத்துல யார் இருப்பா? உள்ளேயே நின்னு அடிச்சிருந்தா, தன்னோட மிஸ்ஸைத் தானே எடுத்துத் திரும்பப் போட்டிருக்கலாம்.

என்.பி.ஏ-வில் 1972-73 சீசனில் வில்ட் சேம்பர்லின் 72.7 சதவிகித ஷாட்களைக் கூடைக்குள் போட்டார். பல வருஷம் அசையாம நின்ன அந்தச் சாதனையை 2019-20-ல் 74.2 சதவிகிதத்தோடு முறியடிச்சவர், மிட்செல் ராபின்சன். அவர் அடிச்சதெல்லாம் பெரும்பாலும் டங்க், புட்-பேக், ரிங்கை ஒட்டின ஷாட்தான். தெரிஞ்சதை மட்டும் செஞ்சார்.

அப்போ சார் சொன்னதுதான் சரியா?

பாதி சரி. டிஆண்ட்ரே ஜோர்டானைப் பாருங்க. 2014-15-ல் 71 சதவிகித ஷாட்கள் உள்ளே. ஆனா, ஃப்ரீ த்ரோ 40 சதவிகிதம்கூட இல்லை. எதிர் டீம் வேணும்னே அவரைப் பிடிச்சு ஃபவுல் பண்ண ஆரம்பிச்சது. ரிங் பக்கத்துல ஆடுறவனுக்கு ஃபவுல் நிறைய கிடைக்கும். அதை பாயின்ட்டா மாத்தத் தெரியலைன்னா, பலமே பலவீனம்.

அடுத்தது, உயரம் பற்றின உண்மை. ஆறடி மூணு அங்குலம்னா மாவட்டத்துல நீங்கதான் சென்டர். தேசிய அளவுக்குப் போனா, அதே உயரத்துல கார்டு ஆடுவாங்க. பஞ்சாப்பின் பல்லோ கே கிராமத்துல பிறந்த சத்னம் சிங், ஏழடி ரெண்டு அங்குலம். 2015 டிராஃப்ட்டில் டல்லாஸ் மேவரிக்ஸ் 52-வதா எடுத்தாங்க. என்.பி.ஏ டிராஃப்ட்டில் தேர்வான முதல் இந்தியர். ஆனா, ஒரு என்.பி.ஏ லீக் மேட்ச்கூட ஆடாமலே அந்தக் கனவு முடிஞ்சுது. உயரம் வாசல் வரைக்கும்தான் கூட்டிட்டுப் போகும்.

ஏழடி புரூக் லோபஸ் முதல் எட்டு சீசன்ல மொத்தமே 3 த்ரீ பாயின்ட்டர்தான் போட்டிருந்தார். ஒன்பதாவது சீசன்ல 134! ஆட்டத்தை மாத்திக்கிட்டதாலதான் அதுக்கப்புறமும் பல வருஷம் தாக்குப்பிடிச்சார்.

நாளையிலேர்ந்து என்ன செய்யலாம்?

* ஃப்ரெண்டு கையில ஒரு நோட்டைக் கொடுங்க. 'உள்ளே', 'நடுவுல', 'வெளியே'ன்னு மூணு கட்டம். நாலு மேட்ச்சுக்கு எத்தனை அடிச்சீங்க, எத்தனை போச்சுன்னு குறிக்கச் சொல்லுங்க.

* உள்ளே 10-க்கு 6 போடுறீங்கன்னா, வெளியே 10-க்கு 4 போட்டாதான் சமம். பிராக்டிஸ்ல அது வர்ற வரைக்கும் மேட்ச்ல த்ரீ வேண்டாம். திறந்தவெளி சிமென்ட் கோர்ட்ல, ஆடிக்காத்துல பந்து எங்கே போகும்னு உங்களுக்கே தெரியும்.

* தினமும் ஃப்ரீ த்ரோ. கால் களைச்சுப்போன கடைசி பத்து நிமிஷத்துல அடிங்க. மேட்ச்லயும் அப்படித்தான் இருக்கும்.

* 3x3 ஆடினா கணக்கு வேற. உள்ளே 1 பாயின்ட், வெளியே 2. உள்ளே ஆறு போடுறதும், வெளியே மூணு போடுறதும் அங்கே ஒண்ணுதான்.

செலக்‌ஷன் அன்னிக்கு உங்களைவிட உயரமா நாலு பேர் வரிசையில நிற்கலாம். ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டும் அந்த வரிசையிலேர்ந்துதான் தொடங்கும். அங்கே கைகொடுக்கப்போறது, எந்த ஷாட்டை அடிக்கணும், எதை அடிக்காம பாஸ் பண்ணணும்னு தெரிஞ்ச தலை. ரீல்ஸை ரசிங்க. நோட்டை நம்புங்க!