வாசனை மெழுகுவர்த்தி: கலக்கும் மிஷின் அவசியமா?

சம்பா நடவு முடிந்து, களையெடுப்பும் ஓய்ந்த பிறகு பாகூர், வில்லியனூர் கொம்யூன் கிராமங்களில் பல குடும்பங்களுக்குக் கைவேலை குறைந்து விடுகிறது. அந்த நாட்களில் வீட்டுப் பெண்கள் மெழுகுவர்த்தி செய்து ஓரளவு வருமானம் பார்க்கலாம். வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலத்தில் ஏற்றும் சாதா வெள்ளை மெழுகுவர்த்தியில் லாபம் சொற்பமே. வாசனை சேர்த்ததற்குப் புதுச்சேரி நகரக் கடைகளில் நல்ல விலை உண்டு. அருகிலுள்ள ஆரோவில்லில் 1976-ல் தொடங்கப்பட்ட மரோமா நிறுவனம் ஊதுவத்தியோடு வாசனை மெழுகுவர்த்தியும் செய்து வருகிறது.

இத்தொழிலில் இறங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, வாசனையை மெழுகில் கலக்க எந்த மிஷின் வாங்கலாம் என்பதைத்தான். ஒரு தடவைக்கு இரண்டு, மூன்று கிலோ மெழுகு உருக்கும் குடும்பத்திற்கு மிஷின் தேவையில்லை. அதற்காகக் கடன் வாங்கவே கூடாது. தேவையானவை நான்குதான்: இரட்டைப் பாத்திரம், வெப்பமானி, தராசு, எவர்சில்வர் கரண்டி.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைத்து உருக்கக் கூடாது. அகன்ற பாத்திரத்தில் இரண்டு அங்குல உயரத்திற்குத் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒரு வளையம் போட்டு, அதன்மேல் மூக்கும் கைப்பிடியும் உள்ள எவர்சில்வர் ஜக்கை வைத்து அதில் மெழுகை உருக்க வேண்டும். வெளிச்சுவரில் தண்ணீர் ஊற்றி விசில் ஊதும் பால் குக்கரும் இதே தத்துவத்தில் வேலை செய்வதுதான். ஒரு கிலோ அளவுக்கு அதுவே போதும். ஆனால் பிறகு அதில் பால் காய்ச்ச முடியாது. தண்ணீர் வற்றாமல் பார்த்துக் கொள்வது முக்கியம். விறகு அடுப்பின் தீ பக்கவாட்டில் எழும்பும் என்பதால் அது இவ்வேலைக்கு ஆகாது. தேனீ வளர்ப்பவர்கள் சொந்தத் தேன்மெழுகை உருக்கினால், இரும்பு, செம்பு, பித்தளைப் பாத்திரங்களைத் தவிர்க்க வேண்டும். மெழுகின் நிறம் கெட்டு விடும்.

வெப்பமானிதான் இதில் உயிர்நாடி. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 42 டிகிரியோடு நின்று விடும். 110 டிகிரி செல்சியஸ் வரை காட்டுவது வேண்டும். கடையில் கிடைக்கும் பாரபின் மெழுகில் 58 முதல் 60 டிகிரியில் உருகும் ரகம் இதற்கு ஏற்றது. உருகிய மெழுகு 80 டிகிரி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வாசனை எண்ணெயை ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் வாசனை ஆவியாகிப் போகும், ஆவி தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. ஆறிய மெழுகில் ஊற்றினால் சீராகக் கலக்காமல் அடியில் தங்கும். கலக்கப் போகும் எண்ணெய் எத்தனை டிகிரியில் தீப்பற்றும் என்பதை விற்பவரிடம் கேட்டு அறிவது நல்லது. யூக்கலிப்டஸ் தைலத்தின் ஆவி 50 டிகிரி அளவிலேயே தீப்பிடிக்கக் கூடியது. அதைத் தொடாமலிருப்பதே மேல்.

மத்தோ, மின்சார மிக்சியோ வேண்டாம். வேகமாகக் கடைந்தால் காற்று புகுந்து மெழுகுவர்த்தியில் குமிழி விழும். எவர்சில்வர் கரண்டியால் அடிவரை தொட்டு, நிதானமாக இரண்டு நிமிடம் கலக்கினால் போதும். மரக்கரண்டி வாசனையைக் குடித்துக் கொள்ளும்; அடுத்த தடவை மல்லிகையில் சந்தனம் மணக்கும்.

பணம் வீணாவது பெரும்பாலும் அளவில்தான். வாசனை எண்ணெயின் விலை மெழுகைப் போலப் பல மடங்கு. அதைக் கரண்டிக் கணக்கில் ஊற்றாமல், ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசில் நிறுக்க வேண்டும். ஒரு கிலோ மெழுகுக்கு 30 கிராமில் தொடங்கி, எரித்துப் பார்த்து, தேவைப்பட்டால் 60 கிராம் வரை போகலாம். அதற்கு மேல் போனால் மெழுகுவர்த்தி வியர்ப்பது போல் எண்ணெய் கசியும், சுடர் புகையும். மணம் மெழுகில் நன்கு பிடிக்க, வார்த்தபின் ஒரு வாரம் மூடி வைத்து விற்பது நல்லது.

நம் தோட்டத்து மல்லிகையையே போடலாமே என்று தோன்றும். பூவை மெழுகில் போட்டால் மணம் இறங்காது. பன்னீர் போன்ற தண்ணீர்ச் சரக்கு மெழுகில் சேரவே சேராது. பாகூரை அடுத்த கடலூர்க் கடலோர மணலில் விளையும் வெட்டிவேரின் எண்ணெய் மெழுகில் நன்றாகக் கலக்கும், விலைதான் கூடுதல். ஆனால் வேரையோ, காய்ந்த பூவையோ அழகுக்காக மெழுகுவர்த்திக்குள் வைக்கக் கூடாது. அது இரண்டாவது திரியாகி எரியும்.

மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகை நாலாபக்கமும் வீசியடிக்கும். மூடியால் மூட வேண்டும், அல்லது மணலைக் கொட்ட வேண்டும். வேலை தொடங்கும் முன்பே அடுப்பருகில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிலோ விற்கும் நிலை வந்த பிறகு மகளிர் குழுவாகச் சேர்ந்து மிஷின் பார்க்கலாம். உள்பக்கம் எவர்சில்வராக, தண்ணீர்ச் சுவர் மூலம் சூடேறுவதாக, வெப்பத்தைத் தானே நிறுத்தும் கருவியுடன், மெதுவாகச் சுற்றும் துடுப்பு உள்ளதாக இருக்க வேண்டும். அடியில் உள்ள குழாய்க்கும் சூடு வருகிறதா என்று கேட்க வேண்டும். வராவிட்டால் மெழுகு குழாயிலேயே உறைந்து, திறக்க ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் போகும். மீந்த மெழுகைச் சாக்கடையில் ஊற்றாமல், பாத்திரம் சூடாக இருக்கும்போதே பழைய செய்தித்தாளால் துடைத்து எடுத்து விடலாம்.