ஞானப்பாட்டின் ஆண்டுநிறைவும் ஆவணப்படமும்

'அமேசிங் கிரேஸ்' என்னும் ஞானப்பாட்டு, இங்கிலாந்தின் ஓல்னி ஊரில் 1773 ஜனவரி 1 அன்று ஜான் நியூட்டன் 1 நாளாகமம் 17:16,17 வசனங்களின்மீது செய்த பிரசங்கத்திற்கென எழுந்தது; 2023-இல் அதற்கு 250 ஆண்டுகள் நிறைந்தன. இத்தகைய ஆண்டுநிறைவுக்கு ஆவணப்படம் எடுப்போர், புயலில் மனந்திரும்பிய மாலுமி உடனே பாடினார் என்று காட்டிவிட விரும்புவர். படத்திற்கு அது எளிது, சரித்திரம் அப்படியன்று. புயல் வீசியது 1748-இல். அதன்பின்னும் 1754 வரை அவர் அடிமை வாணிபக் கப்பல்களில் பணிபுரிந்தார். கப்பல் தலைவராகவும் இருந்தார். அவ்வாணிபத்தைக் கண்டித்து நூல் வெளியிட்டதோ 1788-இல்தான். இந்த நாற்பது ஆண்டுகளை வெட்டியெறிந்தால், கிருபையைப் பற்றிய உபதேசமே மலிந்துபோகும். விலங்கிடப்பட்டோரும் படத்தினின்று மறைந்துபோவர்.

இசையிலும் எச்சரிக்கை வேண்டும். நாம் அறிந்த ராகம் 1835-இல், அமெரிக்கரான வில்லியம் வாக்கரின் தொகுப்பிலேயே இச்சொற்களோடு இணைந்தது. ஓல்னிக் காட்சியின் பின்னணியில் அதனை ஒலிக்கவிடலாகாது. அங்கே சொற்களை வாசித்தாலே போதும்.