உங்களுக்குத் தெரியுமா? மாரத்தானை முடிவு செய்யும் வெப்பம்

● 2019-இல் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில், பகல் வெயிலுக்கு அஞ்சிப் பெண்கள் மாரத்தானை இரவு 11.59 மணிக்குத் தொடங்கினார்கள். அப்போதும் வெப்பம் 30 டிகிரி செல்சியஸுக்கு மேல். ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. ஓடிய 68 பேரில் 28 பேரால் பந்தயத்தை முடிக்க முடியவில்லை. வென்ற கென்ய வீராங்கனைக்குத் தேவைப்பட்ட நேரம் 2 மணி 32 நிமிடம் 43 விநாடி. அதே ஆண்டு ஜனவரியில் துபாய் மாரத்தானில் அவர் ஓடியதைவிட இது 15 நிமிடம் அதிகம்!

● தசைகள் செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிப்படுகிறது. உடலைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்கும் பாய வேண்டியிருப்பதால், இதயம் வேகமாகத் துடிக்கிறது, ஓட்டம் தளர்கிறது.

● வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டி வீணாகும். அதனால்தான் வெயில் அபாயத்தைக் கணிக்கும் குறியீட்டில், காற்றின் ஈரத்தையும் கணக்கில் கொள்ளும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு மட்டும் 70 விழுக்காடு மதிப்பு. காற்றின் வெப்பநிலைக்கு வெறும் 10 விழுக்காடு.

● டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தான் பந்தயங்கள், வெப்பத்துக்குப் பயந்து சுமார் 800 கி.மீ. வடக்கே உள்ள சப்போரோவுக்கு மாற்றப்பட்டன. அங்கும் வெயில் வாட்டியதால், பெண்கள் ஓட்டம் ஒரு மணி நேரம் முன்னதாக, காலை 6 மணிக்கே தொடங்கியது.

● வெயிலுக்கு உடல் பழகும். 10 முதல் 14 நாள் படிப்படியாகப் பயிற்சி செய்தால் வியர்வை சீக்கிரம் சுரக்கும். அதில் உப்பும் குறையும். ஆனால் ஓடும்போது தலைசுற்றலோ குழப்பமோ வந்தால் உடனே நிறுத்துங்கள். பதக்கத்தைவிட உயிர் பெரிது.